கோம்பைக்கு எப்படிப் போகணும்?

கோம்பை என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? நாய். தப்பே இல்லை. செம்பழுப்பு உடம்பு, கறுத்த முகம், ஊர்ப் பெயரையே தன் பெயராக வாங்கிக்கொண்ட வேட்டை நாய். ஆனால் நாயைத் தெரிந்த அளவுக்கு ஊரைத் தெரியுமா என்று கேட்டால் பலபேர் கொஞ்சம் யோசிப்பார்கள். தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஒரு பேரூராட்சி. இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்துக்குப் பக்கத்து ஊர் என்று சொன்னால் சட்டென்று பிடிபடும்.

இந்த ஊரில் ஒருவர் தென்னங்கன்று நர்சரி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கன்று, நியாயமான விலை. மதுரை, திண்டுக்கல்லில் இருந்தெல்லாம் கேட்டு வருகிறார்கள். போனை எடுத்தால் முதல் கேள்வி, "அண்ணே, எப்படி வரணும்?" அவரும் சளைக்காமல் சொல்வார். "உத்தமபாளையத்துலேர்ந்து தேவாரம் ரோட்டைப் பிடிங்க. ஒரு பெரிய புளியமரம் வரும். அதுக்கு முன்னாடியே திரும்பிடணும்." வருகிறவருக்குப் புளியமரம் வந்த பிறகுதானே அது புளியமரம் என்று தெரியும்? அதற்கு முன்னாடி எப்படித் திரும்புவது?

அதனால் ஓர் இணையதளம் போடுகிறார். 'தொடர்புக்கு' என்ற பக்கத்தில் ஒரு மேப். விரலால் இழுத்தால் நகரும், கிள்ளினால் விரியும், சிவப்புப் புள்ளியைத் தொட்டால் வழி சொல்லும். இன்டராக்டிவ் மேப் என்பார்கள். பத்து நிமிட வேலை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். வேலை பத்து நிமிடம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் வந்து சேர இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால், அந்தச் சிவப்புப் புள்ளியை யாரிடமோ விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்க மாட்டீர்கள்.

கதை பரங்கிமலையில் ஆரம்பிக்கிறது.

1802, ஏப்ரல் மாதம். சென்னை வெயில் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, நூறு அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலியைத் தரையில் நீட்டி அளக்க ஆரம்பித்தார். ஒரே நேர்கோடு, சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். வெயிலில் சங்கிலி எத்தனை நூலளவு நீளும் என்பதைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டார். அந்தக் கோட்டை அடித்தளமாக வைத்து, முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்துவிடுவது திட்டம். உலகத்திலேயே பெரிய நில அளவை வேலைகளில் ஒன்று அது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் கணக்குப் போடப்பட்டதும் அந்த வேலையின் தொடர்ச்சியில்தான்.

லாம்டனிடம் ஒரு தியோடலைட் இருந்தது. கோணம் அளக்கிற கருவி. அரை டன் எடை. சமவெளியில் வைத்துப் பார்த்தால் தூரம் தெரியாது. உயரத்துக்கு ஏற்ற வேண்டும். தஞ்சாவூர் வட்டாரத்தில் மலைக்கு எங்கே போவது? பெரிய கோயில் கோபுரம் இருக்கிறதே! 1808ல் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். பாதியில் கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதி நசுங்கியது. வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியிருப்பார். லாம்டன் உட்கார்ந்து, தட்டி நிமிர்த்தி, அதைத் தானே சரி செய்து மறுபடியும் வேலையில் இறக்கினார்.

இதெல்லாம் அறிவியல் ஆர்வம் மட்டுமா? இல்லை. கம்பெனிக்கு வரி வேண்டும், படை நடக்க வழி வேண்டும். வரைபடம் கையில் இருந்தால்தான் இரண்டும் நடக்கும். அதனால்தான் அவர்கள் வரைபடங்களை நகைப் பெட்டி மாதிரி பூட்டி வைத்தார்கள்.

அதே 1808ம் வருடம். இந்தப் பக்கம், நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே இன்னொரு அளவை நடந்தது. மேற்கே ஓடி வீணாகக் கடலில் கலக்கிற பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்க்கச் சொல்லி கேப்டன் ஜேம்ஸ் கால்டுவெல்லை அனுப்பினார்கள். யோசனை புதிதல்ல. ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை 1789லேயே இதற்காக ஆள் அனுப்பிப் பார்த்திருந்தார். கால்டுவெல் மலையை அளந்தார். நூறு அடிக்கு மேல் ஆழமாக வெட்ட வேண்டியிருக்கும், இது நடக்கிற காரியமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான். கோப்பு மூடப்பட்டது. அப்படியே ஆழமாக வெட்டி வாய்க்கால் ஓட்டுவதற்குப் பதில், அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தி, சுமார் ஒரு மைல் தூரம் மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் விடலாம் என்ற வழி பிற்பாடு வந்தது. நடுவில் 1876ல் ஆரம்பித்த தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து தண்ணீர் இறங்கியது 1895 அக்டோபரில். கால்டுவெல் கையெழுத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே 87 வருடம்.

அளக்கிறவன் ஒரு தாளில் எழுதுகிற ஒரு வரிக்கு எவ்வளவு பலம் என்று தேனிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம் ஊரில் வரப்புத் தகராறு வந்தால் இன்றைக்கும் அதே கதைதானே? தாத்தா காலத்து அனுபவம், பங்காளி சாட்சி எல்லாம் ஒரு பக்கம். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து, கல்லைக் காட்டினால் அதுதான் எல்லை.

இப்போது ஒரே தாவாக 2003க்கு வாருங்கள். ஊர், ஆஸ்திரேலியாவின் சிட்னி.

வேலை இழந்திருந்த இரண்டு டேனிஷ் அண்ணன் தம்பிகள், லார்ஸ் ராஸ்முசன், ஜென்ஸ் ராஸ்முசன். நோயல் கார்டன், ஸ்டீபன் மா என்று இன்னும் இரண்டு பேர். ஒரு சின்ன கம்பெனி ஆரம்பித்தார்கள். அப்போதும் இணையத்தில் மேப் இருந்தது. மேப்குவெஸ்ட் 1996லேயே வந்துவிட்டது. ஆனால் பக்கத்துத் தெருவைப் பார்க்க வேண்டும் என்றால் ஓர் அம்புக்குறியை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். முழுப் பக்கமும் அழிந்து, மறுபடி வரும். அன்றைய இணைய வேகத்தில் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

ராஸ்முசன் சகோதரர்களின் கம்பெனியை கூகுள் 2004 அக்டோபரில் வாங்கியது. 2005 பிப்ரவரி 8ம் தேதி கூகுள் மேப்ஸ் வெளியானது. அதன் சூட்சுமம் ரொம்ப எளிது. உலகத்தை ஒரே படமாக அனுப்பாதே. தரைக்கு ஓடு பதிக்கிற மாதிரி சின்னச் சின்ன சதுரங்களாக வெட்டி வை. உலகம் முழுக்க ஒரே ஓடு. ஒரு படி கிட்டே போனால் நாலு ஓடு. இன்னொரு படி போனால் பதினாறு. இப்படிப் பதினெட்டுப் படி இறங்கினால் ஓடுகளின் எண்ணிக்கை 6,800 கோடியைத் தாண்டும். நீங்கள் கோம்பையைப் பார்க்கும்போது கோம்பைக்கு வேண்டிய பத்துப் பதினைந்து ஓடு மட்டும் வந்தால் போதும். விரல் நகர நகர, பக்கத்து ஓடு பின்னாடியே ஓடி வரும். டீ குடிக்க நேரமில்லை.

சரி, கூகுளின் மேப் கூகுள் பக்கத்தில் இருக்கிறது. அது எப்படி உங்கள் கடையின் பக்கத்துக்கு வந்தது? அதற்குக் காரணம் வாடகைக்கு வீடு தேடிய ஒரு மனிதர்.

பால் ராடமேக்கர். அமெரிக்காவில் அனிமேஷன் படம் எடுக்கிற டிரீம்வொர்க்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். கிரெய்க்ஸ்லிஸ்ட் என்கிற வரி விளம்பரத் தளத்தில் வீடு தேடினார். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு விலாசம். ஒவ்வொரு விலாசத்துக்கும் மேப்பில் ஒரு தேடல். கடுப்பாகி, புதிதாக வந்திருந்த கூகுள் மேப்பின் உள்ளே புகுந்து அது எப்படி வேலை செய்கிறது என்று குடைந்து பார்த்தார். எல்லா வீடுகளையும் ஒரே மேப்பில் புள்ளி புள்ளியாக வைத்து 2005ல் வெளியிட்டார். அனுமதியா? கேட்கவே இல்லை.

கூகுள் வழக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. அதே 2005 ஜூனில், யார் வேண்டுமானாலும் தங்கள் பக்கத்தில் எங்கள் மேப்பை வைத்துக்கொள்ளலாம் என்று ஏ.பி.ஐ. என்கிற கதவைத் திறந்துவிட்டது. ராடமேக்கருக்கு வேலையும் கொடுத்தது. கம்பெனி பூட்டி வைத்திருந்த நகைப் பெட்டி, பெட்டிக்கடைக்கும் திறந்தது.

இலவசமாக. அங்கேதான் நீங்கள் உஷாராக வேண்டும்.

வணிகவியல் படித்தவனுக்கு இலவசம் என்ற வார்த்தையைக் கண்டாலே பேரேட்டில் அது எந்தப் பக்கம் உட்காரும் என்று தேடத் தோன்றும். தேடுவோம். ஆரம்பத்தில் கூகுள் காசு கேட்கவில்லை. 2011 அக்டோபரில் முதல் அறிவிப்பு: ஒரு நாளைக்கு 25,000 தடவைக்கு மேல் மேப் திறந்தால் கட்டணம். சின்னக் கடைக்கு அதனால் ஒரு கஷ்டமும் இல்லை. 2018ல் அடுத்த மாற்றம். இலவச அளவு ஒரு நாளைக்கு 25,000 என்பது போய், ஒரு மாதத்துக்கு சுமார் 28,000 என்று ஆனது. அதற்கு மேல் ஆயிரம் தடவைக்கு அரை டாலராக இருந்த கட்டணம் ஏழு டாலர் ஆனது. பதினாலு மடங்கு! பணம் கட்டுகிறோமோ இல்லையோ, கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கொடுக்காதவர்களுக்கு என்ன ஆச்சு? அவர்களுடைய இணையதளத்தில் மேப் கறுத்துப் போய், மேலே குறுக்கும் நெடுக்கும் 'மேம்பாட்டுப் பணிக்கு மட்டும்' என்ற பொருளில் ஆங்கில எழுத்து வந்து நின்றது. கடை திறந்திருக்கிறது. போர்டில் மட்டும் யாரோ தார் பூசிவிட்டார்கள்.

அப்புறம் காற்று திசை மாறியது. 2024ல் போட்டிக்கு ஓலா மேப்ஸ் வந்தது. அதே வருடம் ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவுக்கு மட்டும் கூகுள் 70 சதவிகிதம் வரை கட்டணத்தைக் குறைத்தது. நல்லதுதான். ஆனால் ஏற்றினாலும் இறக்கினாலும் முடிவு கோம்பையில் எடுக்கப்படவில்லை, பார்த்தீர்களா?

உழைப்பிலும் இதே கணக்குத்தான். கூகுளின் ஆரம்ப மேப்பில் இந்தியச் சிற்றூர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தாள். இந்தியாவில் இருந்த கூகுள் பொறியாளர்கள் 2008ல் 'மேப் மேக்கர்' என்ற வசதியைக் கொண்டுவந்தார்கள். உங்கள் ஊர்த் தெருவை நீங்களே வரையலாம். ஜனங்கள் ஆசை ஆசையாக வரைந்தார்கள். 2013ல் இந்தியாவில் 'மேப்பத்தான்' என்று போட்டியே வைத்தார்கள். சர்வே ஆஃப் இந்தியா, 1767ல் தோன்றிய துறை, சும்மா இருக்குமா? அனுமதி இல்லாமல் நாட்டை வரைகிறார்கள் என்று போலீசுக்குப் போனது, விஷயம் சி.பி.ஐ. வரை எட்டியது. 2015ல் வேறொரு கூத்து. பாகிஸ்தான் மேப்பில் ஒரு விஷமி, ஆண்ட்ராய்டு பொம்மை ஆப்பிள் சின்னத்தின் மீது சிறுநீர் கழிப்பது போல ஒரு படத்தை வரைந்துவிட்டான். 2017 மார்ச்சோடு மேப் மேக்கருக்கு மூடுவிழா. ஜனங்கள் போட்ட தெருக்கள்? அவை கூகுள் மேப்பிலேயே இருந்தன. உழைப்பு நம்முடையது, சொத்து அவர்களுடையது.

இதற்கு மாற்றே இல்லையா? இருக்கிறது. 2004ல், கூகுள் மேப்புக்கும் முன்னாலேயே, ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் லண்டனில் ஆரம்பித்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். மக்கள் வரிப்பணத்தில் வரைந்த மேப்பை பிரிட்டிஷ் அரசுத் துறை மக்களுக்கே விற்கிறதே என்ற கோபத்தில் பிறந்தது. யாரும் வரையலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். யாருடைய உழைப்பு என்று ஒரு வரி நன்றி போட்டால் போதும். அதை உங்கள் பக்கத்தில் காட்டுவதற்கு லீஃப்லெட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2011ல் உக்ரைன்காரர் வொலோதிமிர் அகாஃபோன்கின் வெளியிட்டது. ஒரு புகைப்படத்தைவிடச் சின்னது; கிராமத்து சிக்னலிலும் தாக்குப்பிடிக்கும்.

இந்திய அரசாங்கமும் மனம் மாறியது. 2016ல் ஒரு மசோதா வரைவு வந்தது. மேப் போடவே லைசென்ஸ், எல்லையைத் தப்பாகக் காட்டினால் நூறு கோடி ரூபாய் வரை அபராதம் என்று பயமுறுத்தியது. நல்லவேளை, சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15ம் தேதி வந்த புதிய விதிகள் தலைகீழ்: இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே அளக்கலாம், வரையலாம். ஒன்று மட்டும் மாறவில்லை. இந்தியாவின் எல்லைக் கோட்டை சர்வே ஆஃப் இந்தியா காட்டுகிற மாதிரிதான் காட்ட வேண்டும். 1961ம் வருடச் சட்டம் ஒன்று, தப்பாக வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. வெளிநாட்டு மேப்களில் காஷ்மீர் வேறு மாதிரி இருக்கலாம். தென்னங்கன்று விற்கிறவருக்குக் காஷ்மீர் எதற்கு? மேப்பைத் தேனி மாவட்டத்துக்கு மேல் விரியாதபடி கட்டிப்போடுங்கள். அதற்கு வசதி இருக்கிறது.

இப்போது அந்தச் சிவப்புப் புள்ளிக்கு வருவோம். அதைப் பதிக்கும்போது மூன்று இடத்தில் சறுக்கலாம்.

முதலாவது, பெயர். மேப்பில் 'கோம்பை' என்று டைப் அடித்து, அது காட்டுகிற இடத்தை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். கோம்பை என்றால் மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கு. மலையோரத் தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் ஆரம்பிக்கிற, முடிகிற ஊர்கள் நிறைய. திண்டுக்கல் பக்கம் கோம்பைப்பட்டியே இருக்கிறது. பெயரை நம்பாமல் எண்ணை நம்புங்கள். அகலாங்கு சுமார் 9.8, நெட்டாங்கு சுமார் 77.3. இதுதான் நம் கோம்பை.

இரண்டாவது, எண். தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் கடை ஒரு கிலோமீட்டர் தள்ளி யாருடைய தோப்பிலோ போய் நிற்கும். ஐந்து இலக்கம் போட்டால் ஒரு மீட்டர் துல்லியம். எண்களை முன்பின் மாற்றிப் போடுவதும் சகஜம், ஏனென்றால் சில மென்பொருள்கள் நெட்டாங்கை முதலில் கேட்கும். மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? உங்கள் தென்னங்கன்று நர்சரி வட துருவத்துக்குப் பக்கம், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் மிதக்கும். பனிக்கரடி வந்து கன்று கேட்கும். இரண்டையும் போடாமல் விட்டால் பூஜ்ஜியம், பூஜ்ஜியம். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கினி வளைகுடாவின் நடுக்கடல். உலகத்தில் விலாசம் தொலைந்த எத்தனையோ கடைகள் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன.

மூன்றாவது, மலை. கோம்பைக்கு மேலே, கேரள எல்லைக்குள் ராமக்கல்மேடு. காக்கை பறக்கிற கணக்கில் பத்து கிலோமீட்டருக்குள்தான். கார் போகிற கணக்கில் கம்பம் மெட்டு சுற்றிப் பல மடங்கு. 'அருகில் உள்ள சுற்றுலாத் தலம்' என்று இணையதளத்தில் போடும்போது சில மென்பொருள்கள் காக்கைக் கணக்கைத்தான் போடும். அதை நம்பிக் குடும்பத்தோடு வந்தவர் மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு உங்களைத்தான் திட்டுவார், மென்பொருளை அல்ல. சாலைத் தூரத்தைக் கையால் எழுதிவிடுங்கள்.

எந்த மேப் போடலாம் என்று கேட்கிறீர்களா? சின்னக் கடைக்கு கூகுளில் உங்கள் இடத்தைத் திறந்து, 'ஷேர்' அழுத்தி, 'எம்பெட்' என்ற பகுதியில் கிடைக்கிற ஒரு வரியை எடுத்து ஒட்டினாலே போதும். அதற்குக் கட்டணம் இல்லை. பத்துக் கிளை, ஐம்பது ஏஜென்ட் என்று புள்ளிகள் பெருகினால் லீஃப்லெட்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் பாருங்கள். எதைப் போட்டாலும் கீழே இரண்டு வரி தமிழில் வழி எழுதி, போன் எண்ணும் போடுங்கள். மேப் கறுத்துப் போனாலும், சிக்னல் செத்துப் போனாலும் அந்த இரண்டு வரி பிழைத்திருக்கும்.

புள்ளியை மட்டும் எங்கோ உட்கார்ந்திருக்கிற வெப் டிசைனரிடம் விடாதீர்கள். கடை வாசலுக்கு நீங்களே போங்கள். தலைக்கு மேல் வானம் தெரிகிற இடமாக நின்று, போனில் மேப்பைத் திறந்து, நிற்கிற இடத்தை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண் வரும். முதல் எண் 9ல் ஆரம்பிக்கிறதா, இரண்டாவது 77லா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். லாம்டன் அரை டன் கருவியோடு பட்ட பாடு உங்களுக்கு இல்லை. சட்டைப் பையிலேயே சர்வேயர் இருக்கிறார். உங்கள் கல்லை நீங்களே நடுங்கள். வேறு யாராவது நட்டால், அவர்கள் காட்டுகிற இடம்தான் உங்கள் கடை.